சிதம்பரத்துக் கடையில் பெரிய டிவி பார்க்கப் போனது

அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவச டிவி தரப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த வருஷத்தில்தான் என் வீட்டுக்காரர், "நாம ஒரு பெரிய டிவி வாங்கிடலாம்" என்றார். பெரிய டிவி என்றால் இருபத்தொன்பது இன்ச்சாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். எங்கள் கூடத்து ஷோகேஸ் முழுசும் அந்தக் கைகளுக்குள் அடங்கியது.

அவர் அப்படிப்பட்ட ஆசைக்காரர் இல்லை. கடலூரை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தார். செருப்பு அறுந்தால் தைத்துப் போட்டுக்கொள்கிற மனுஷன். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடமும் அப்படியொன்றும் விசாலமானதில்லை.

"எதுக்குங்க அம்மாம் பெருசு?"

"கிரிக்கெட் பாக்கத்தான். இதுல பந்தே தெரிய மாட்டேங்குது."

கூட வேலை பார்க்கிற யாரோ வாங்கியிருக்கிறார்கள், அதைப் பார்த்து வந்த ஆசை என்று நானே முடிவு செய்துகொண்டேன். கடலூர் கடைகளில் அவர் கேட்ட மாதிரி டிவி எதுவும் இல்லை. சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த என் தம்பிதான் ஒருநாள் போன் பண்ணினான்.

"தெற்கு வீதியில ஒரு கடையில புரொஜெக்‌ஷன் டிவி எறக்கியிருக்காங்கக்கா. உள்ளாற செவப்பு, பச்சை, நீலம்னு மூணு குழாய் இருக்குது. அதுல இருந்து வர்ற வெளிச்சம் கண்ணாடியில பட்டு, பின்னால இருந்து திரையில விழும். சினிமா தியேட்டரை ஒரு பொட்டிக்குள்ள வெச்ச மாதிரி. மாமாவை இட்டுகிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கிலேயே கிளம்பினோம். அவர் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஓட்டினார். புதுச்சத்திரம் தாண்டியதும், "முன்னால போறது பஸ்ஸா, லாரியா?" என்று கேட்டார். "லாரி. ஏன், தூக்கமா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று அள்ளிக்கொண்டு போனது. நான் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த டிவியைக் கூடத்தில் எந்தச் சுவரோரம் வைப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கடையில் அதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். டிவியா அது, பீரோ. அடியில் சக்கரம் வைத்திருந்தார்கள். திரையில் ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகியின் கண்ணே என் உள்ளங்கை அகலம் இருந்தது. ராத்திரி இந்த மூஞ்சியோடு ஒரே வீட்டில் எப்படித் தூங்குவது என்றுதான் முதலில் தோன்றியது. கிட்டே போய் நின்றேன், படம் சட்டென்று இருண்டுவிட்டது.

"நின்னா மங்கலாத்தான் இருக்கும் மேடம். உக்காந்து நேரா பாக்கணும்" என்றார் கடைக்காரர்.

உட்கார்ந்தேன். பளிச்சென்று வந்தது. எழுந்தேன், மங்கியது. நான் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவதைப் பார்த்துத் தம்பி சிரித்தான்.

முகங்களைச் சுற்றி மெல்லிசாக ஒரு சிவப்பு ஓரம் தெரிந்தது. அதைச் சொன்னேன். இடம் மாற்றி வைக்கும்போது மூன்று நிறமும் கொஞ்சம் விலகிவிடும், சேர்த்து வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக் கடைக்காரர் ரிமோட்டை எடுத்தார். பாட்டு போய் திரை கறுத்தது. கறுப்பில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வந்து, கணக்கு நோட்டு மாதிரி திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றன. அவர் ஒவ்வொரு பொத்தானாக அழுத்த, கோடுகளின் ஓரத்தில் இருந்த சிவப்பும் நீலமும் நகர்ந்து வந்து வெள்ளைக்குள் ஒளிந்துகொண்டன.

"இப்ப பாருங்க சார். கோடெல்லாம் நேரா இருக்கா?"

என் வீட்டுக்காரர் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தார். "நடுவுல சரியில்ல" என்றார்.

கடைக்காரர் மறுபடி எதையோ அழுத்தினார். "இப்ப?"

"இல்ல. நடுவுல வளஞ்சிருக்குது. அங்க கோடு அழிஞ்ச மாதிரி இருக்குது பாருங்க."

நான் திரையைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. தம்பியைப் பார்த்தேன். அவனும் புரியாமல் என்னைப் பார்த்தான். கடைக்காரருக்கு லேசாக எரிச்சல் வந்துவிட்டது. டிவி பக்கத்தில் போய்க் குனிந்து, திரையின் நட்டநடுவில் ஆள்காட்டி விரலை வைத்தார்.

"எங்க சார் வளஞ்சிருக்குது? இங்கயா?"

"வெரல எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

கடைக்காரர் விரலை எடுக்கவில்லை. கேட்டது விளையாட்டுக்காக இருக்கக்கூடாதா என்று என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே அப்போதுதான் புரிந்தது போல முகம் வெளுத்திருந்தது.

"சரி, வா போலாம். நல்லால்ல இந்த டிவி" என்று எழுந்தார்.

"உக்காருங்க" என்றேன். கடையில், அடுத்தவர் முன்னால், அப்படி ஒரு குரலில் அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் கையை எடுத்து அவருடைய இடது கண்ணை மூட வைத்தேன். "என்ன தெரியுது?"

"ஓரத்துல கட்டம் தெரியுது."

"நடுவுல?"

"ஒண்ணுமில்ல. பொக மாதிரி இருக்குது."

வலது கண்ணை மூடச் சொன்னேன். கோடுகள் தெரிகின்றன, ஆனால் தண்ணீரில் பார்த்த மாதிரி நெளிகின்றன என்றார்.

தம்பி அவர் காலடியில் உட்கார்ந்தான். "எத்தினி நாளா மாமா?"

"பொங்கலுக்கு முன்னால இருந்து மச்சான்" என்றார், ரொம்ப சாதாரணமாக.

அப்போது சித்திரை. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பழக்க தோஷத்தில், "வேற மாடல் காட்டட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு, தானே கூசிப்போய் உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்தோம். கடை வாசலில் எங்கள் பைக் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வந்த வழி நினைவுக்கு வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தக் கண்ண வெச்சிகிட்டா என்னை கடலூர்ல இருந்து இட்டாந்தீங்க?"

"ரோடு தெரியும். ஓரமெல்லாம் நல்லா தெரியும்" என்றார் சமாதானமாக. "எதுக்க வர்றதுதான் நேரா பாத்தா மறைஞ்சிடும். கொஞ்சம் சாச்சிப் பாத்தேன்னா தெரிஞ்சிடும்."

அவர் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸும், கரும்பு லோடு டிராக்டரும் என் கண்முன் வந்து வந்து மறைந்தன. பைக் சாவியைப் பிடுங்கித் தம்பியிடம் கொடுத்தேன். கடலூருக்கு பஸ்ஸில்தான் திரும்பினோம். பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கம்பெனியில மீட்டரெல்லாம் எப்பிடிப் பாத்தீங்க?"

"முள்ளு எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாதா? சந்தேகமா இருந்தா பக்கத்துல இருக்கவன சும்மா கேக்குற மாதிரி கேட்டுக்குவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேலைக்கி வுடுவியா?"

"அப்பறம் எதுக்கு டிவி?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஊட்ல நாம ஒண்ணா உக்காந்து பாக்கறப்ப எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியல. எத்தினி நாளைக்கி தெரியற மாதிரியே சிரிக்கிறது? பெருசா இருந்தா தெரியும்னு நெனச்சேன்."

காலையில் பேப்பரை என்னைப் படிக்கச் சொல்லி, காபியோடு பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அதை நான் பிரியம் என்று நினைத்திருந்தேன். பஸ் ஆலப்பாக்கத்தில் நின்றபோது அது ஞாபகம் வந்தது. அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே புதுச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை, கண்ணின் விழித்திரை வரை போய்விட்டது என்றார் டாக்டர். அவருக்குச் சர்க்கரை இருப்பதே அதுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது. கட்டம் போட்ட ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து, நடுவில் பார்க்கச் சொன்னார்கள். "இது டிவி கடையிலயே பாத்துட்டேன் டாக்டர்" என்றார் இவர். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. லேசர் வைத்தார்கள். வலது கண்ணின் நடுப்பார்வை போனது போனதுதான். இடது அதற்குமேல் கெடாமல் நின்றது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதுவும் இல்லை என்றார் டாக்டர்.

கம்பெனியில் என் வீட்டுக்காரரே போய்ச் சொன்னார். வேலையை விட்டு அனுப்பவில்லை, கேன்டீன் பொறுப்புக்கு மாற்றினார்கள். ஆனால் அவர் ஷிப்டில் கூட இருந்த ஒருவர், கேட்டபோதெல்லாம் மீட்டர் பார்த்துச் சொன்னவர், வீட்டுக்கே வந்துவிட்டார். நலம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"உன் உசுரு உன் இஷ்டம். எங்க உசுரையும் சேத்துல்ல வெச்சி வெளையாடிருக்க? நீ மீட்டர தப்பாப் பாத்து கெமிக்கல் டேங்கு வெடிச்சிருந்தா குடிகாடே இருக்காது, தெரியுமா ஒனக்கு?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வந்தவர் போன பிறகும் அப்படியே நின்றார். நான் பைக்கைப் பற்றி மட்டும்தான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பயத்தின் முழு அளவு எனக்குத் தெரிந்தது. பொங்கலுக்கு முன்னாலிருந்து சித்திரை வரை அந்தப் பக்கத்து ஜனங்களெல்லாம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

அவர்கள் இருவருக்கும் மறுபடி பேச்சுவார்த்தை வர வெகுகாலம் ஆனது.

மழைக்காலம் முடிந்ததும் அந்த டிவியை வாங்கலாம் என்று நான்தான் சொன்னேன். பெரிய படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் மிச்சம் இருக்கும் பார்வைக்கு வசதிதான் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். குட்டியானை வண்டியில் வந்து இறங்கியதும் வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றி, நாலு ஆள் மூச்சுப்பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கூடத்தில் பாதியை அது எடுத்துக்கொண்டது. கூடவே வந்த கடைக்காரர் கட்டத்தைப் போட, இந்தத் தடவை கோடுகளை நான் பார்த்துச் சொன்னேன், அவர் சரிசெய்தார்.

என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிரில்தான் உட்காருவார். பக்கவாட்டில் உட்கார்ந்தால் படம் மங்கிவிடும். ஆனால் கண் மட்டும் டிவியில் இருக்காது. டிவிக்கு இடது பக்கம், அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிச் சாய்த்துப் பார்த்தால்தான் திரையில் ஓடுவது தெரியும்; நேராகப் பார்க்கிற இடம்தான் மறைந்துவிடும். அடுப்படியில் இருந்து நான் வெளியே வரும்போதெல்லாம் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். வருஷக்கணக்கில் பார்த்தும் எனக்கு அது பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் மனசு திக்கென்று ஒருமுறை நின்றுதான் போகும்.

"என்னாங்க?" என்பேன்.

"ஒண்ணுமில்ல. மேட்ச் பாக்கறேன்" என்பார், என் முகத்தைப் பார்த்தபடியே.