திருநீற்றுக்கு நீண்ட கை

என் மகளுக்கு இருபத்து மூன்று வயதில் பக்கவாதம் வந்தது. இடது பக்கம். கால் இரண்டு மாதத்தில் ஓரளவு தேறிவிட்டது. கை தேறவில்லை, விரல்கள் லேசாக அசைந்தன, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண் புதிதாக ஒரு வழி சொன்னாள். நன்றாக இருக்கும் வலது கைக்கு உறை மாட்டிக் கட்டிவிட வேண்டும். பகலில் ஆறு மணி நேரம், எல்லாவற்றையும் இடது கையே செய்ய வேண்டும். "சும்மா கெடக்குற கைய மூளை மறந்துரும்மா. இந்த மாசங்கள விட்டா அப்புறம் கஷ்டம்" என்றாள். அந்தக் கடைசிப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை.

உறை தடித்த வெள்ளைத் துணி. "பிரியாணிப் பொட்டலம் மாதிரி இருக்கும்மா. பஸ் ஸ்டாண்டுல நின்னா வித்துரலாம்" என்று மகள் சிரித்தாள். டம்ளர் விழும், சோறு சிந்தும். துடைத்துக்கொண்டே அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டம்மா பழனிக்குப் போய்வந்து திருநீறு கொண்டுவந்தார். "இந்தா தாயி, வாங்கிக்க" என்றார். மகளின் இடது கை மடியிலிருந்து எழுந்தது. நடுங்கிக்கொண்டே நீண்டு, உள்ளங்கை விரிந்தது. நோய் வந்ததிலிருந்து அது அப்படி விரிந்ததே இல்லை.

"சீ, பீச்சாங்கையவா நீட்டுற?"

சொன்னது நான்தான். மூன்று வயதில் அவள் அந்தக் கையால் முறுக்கு வாங்கியபோது அதட்டிய அதே குரல். கையைத் தட்டியும் விட்டிருந்தேன்.

"விடுங்க மதினி, பிள்ளைக்கு முடியலல்ல" என்றார் அந்தம்மா.

மகள் அழவில்லை. "மறந்துட்டேம்மா" என்றாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

மறுநாள் பிசியோதெரபிப் பெண் கையைத் தூக்கிப் பார்த்தாள். "என்ன, வெரலெல்லாம் இறுகிக் கெடக்கு? நல்லா வந்துச்சே. ஏதும் நடந்துச்சா?" மகள் என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லக்கா" என்றாள். நான் தரையில் சிந்தியிருந்த சோற்றைத் துடைக்கக் குனிந்தேன்.

பதினோரு நாளாகிறது. யாராவது வந்தால், உறை மாட்டிய கையாலேயே துப்பட்டாவைத் தள்ளி இடது கையை மூடிக்கொள்கிறாள்.

இன்று காலை திருநீற்றுத் தட்டோடு அவள் எதிரில் உட்கார்ந்தேன். என் இடது உள்ளங்கையை நீட்டினேன். "நீயே வையி. அந்தக் கையால."

"வேணாம்மா. சாமிகுத்தம்."

துப்பட்டாவுக்குள் எதுவும் அசையவில்லை. வலது கை மட்டும் உறைக்குள் முண்டிக்கொண்டிருந்தது.