பூங்கா வாசலின் இரும்புத் தடுப்பு

ஞாயிறு காலை நான் நடக்கப் போகும் மயிலாப்பூர் பூங்காவுக்கு மரங்களைப் பார்க்க வந்த கல்லூரி மாணவர்களில் ஒருத்தி சக்கர நாற்காலியில் இருந்தாள். வாசலில் வண்டிகளைத் தடுக்க வைத்த இரும்புத் தடுப்பு அவளையும் மறித்தது. அதைத் தொட்டேன். கையில் துரு வாசம்.

நான் ஆறாவது படித்த கோடையில், இளம்பிள்ளை வாதம் வந்த அக்காவை அப்பா இதே தடுப்பின் மேல் தூக்கிக் கடப்பார். கை நழுவிவிடுமோ என்று நானும் கையை நீட்டிக்கொண்டு கூடவே நிற்பேன். "கீழ போட்டுறாதப்பா, உருப்படியா இருக்கறது ஒரு கால்தான்" என்று அக்கா சிரிப்பாள். பெரியவளானதும் தூக்க விடவில்லை, வெளியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"தூக்கிடலாமா?" என்றான் ஒரு மாணவன்.

"நான் இன்னா அரிசி மூட்டையா? பெரிய கேட்டைத் தொறக்கச் சொல்லு மச்சி" என்றாள் அவள்.

காவலாளி சாவி தேடிப் போனார். கிடைக்காவிட்டால் இவளும் வெளியிலேயே இருந்துவிடுவாளோ என்று தவித்தேன். அவளோ வாசலருகே நின்ற புங்கமரத்தைக் காட்டிப் பேசத் தொடங்கியிருந்தாள். ஒருவரும் அவளை விட்டு உள்ளே போகவில்லை.