காப்புக் கட்டிய கையும் துரை வீட்டுப் பேக்கனும்

நாகலூர் பஸ் நிற்பதற்கு முன்பே கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்: “பட்லரய்யா, உங்க மாராயக்கா போயிட்டாங்கோ! காத்தாலதானுங்க.” இத்தனை பேர் நடுவிலா சொல்வது என்று அவர் மேல் எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால், நாலு பேருக்குத் தெரியவேண்டிய சேதிதான் அது. மாராயி மூலையில் முடங்கிக் கிடந்து போன ஆள் இல்லை.

அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு சொல்: துரைமார் காலத்தில் எங்கள் எஸ்டேட் பங்களாவில் நான் மேஜை பரிமாறும் பட்லர், சமையற்கட்டு மாராயி வசம். அப்போதெல்லாம் இந்த மலையில் எந்தப் பங்களாவிலும் ஆண்பிள்ளைகள்தான் சமையல். எங்கள் பங்களாவில் மட்டும் காபிப் பழம் பறிக்க வந்தவள் கரண்டி பிடித்தாள். பழைய சமையல்காரர் காய்ச்சலில் படுத்த சமயம் உதவிக்கு வந்தவளை, துரை திருப்பி அனுப்பவே இல்லை. புருஷன் இல்லாதவள், ஒரே மகள். பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடு அந்த வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான்.

அவள் செய்யும் இனிப்புப் பேக்கனுக்கு ஏற்காடே அடிமை. உப்புப் போட்டுப் புகைகாட்டிய பன்றிக்கறியைத்தான் துரைமார் பேக்கன் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி உட்காருவார்களே, அந்த மேஜைக்கு அது இல்லாமல் ஆகாது. மற்ற வீடுகளில் வாணலியில் பொரித்துக் கொட்டுவார்கள். இவள் கறித் துண்டுகளைக் கம்பித் தட்டில் பரப்பி, விறகு அடுப்பின் வயிற்றில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவாள். கொழுப்பு பாதி இறங்கின பிறகுதான் இனிப்பு. நாட்டுச் சர்க்கரை, மிளகு, கடுகுப்பொடி, நம் தோட்டத்து ஆரஞ்சுச் சாறு எல்லாம் சேர்ந்த பாகைக் கோழி இறகால் தடவி மறுபடியும் உள்ளே தள்ளுவாள். வெளியே எடுத்தால் துணி மாதிரி துவண்டு கிடக்கும். நான் அவசரப்படுவேன். “இருங்ணா, சூட்டுல தொவளும், ஆறுனா தானா நிமிரும்” என்பாள். கண்ணாடி மாதிரி மினுக்கிக்கொண்டு நிமிரும்.

அந்த வருஷம் மகளுக்குக் கடுங்காய்ச்சல் வந்து தெளிந்தது. அதற்காகச் சேர்வராயனுக்கு வேண்டிக்கொண்டு, திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டியிருந்தாள். காப்புக் கட்டினால் கறியைத் தொடக்கூடாது, வாயில் வைப்பது பற்றிப் பேச்சே இல்லை. அந்த வாரம் பார்த்துத்தான் பக்கத்து எஸ்டேட் துரைசானி விருந்துக்கு வருகிறாள். வருகிறவள் சும்மாவா வருகிறாள்? ‘பொம்பளையைச் சமையற்கட்டில் வைத்தால் ஊர் சிரிக்கும், பெங்களூரிலிருந்து நல்ல ஆள் தருவிக்கிறேன்’ என்று எங்கள் துரைசானியின் காதைக் கடித்துக்கொண்டே இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை பேக்கன் சொதப்பினால் மாராயி மறுபடியும் காபிக் காட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“ஏன் அம்மிணி, ஒரு வாரம் தள்ளிக் காப்புக் கட்டியிருக்கக் கூடாதா?” என்று எரிந்து விழுந்தேன்.

“புள்ளைக்குக் காய்ச்சலடிக்கறப்ப, ஒரு வாரங் கழிச்சு வா சாமின்னா கூப்புட்டேன்?” என்றாள்.

உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள் என்றேன். அதற்கும் ஒப்பவில்லை. “நீங்க செய்யுங்ணா. நானு வாசப்படிக்கு வெளிய நின்னு சொல்றேன்.”

“வாசம் பிடித்தால் காப்புக்குக் குற்றம் இல்லையா?”

“காப்பு கையிலதானுங்ணா கட்டியிருக்குது, மூக்குலயா?”

அன்றைக்கு அவள் என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். பின்வாசலுக்கு வெளியே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். “வெறகை இழுங்ணா, அனல் சாஸ்தி.” “இப்ப பாகு தடவாதீங்க, கொழுப்பு இன்னம் சத்தம் போடுது.” அடைத்த இரும்புக் கதவுக்குள் கொழுப்பு போடும் சத்தம் அவளுக்கு அங்கே கேட்கிறது! பக்கத்தில் நிற்கும் எனக்கு என் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. “எடுங்க, எடுங்ணா, சக்கரை கசக்கப் போவுது!” என்று அவள் போட்ட கூப்பாட்டில் கையைச் சுட்டுக்கொண்டே வெளியே இழுத்தேன்.

நிமிர்ந்தது. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

மேஜையில் தட்டுக் காலியாகிக்கொண்டே வந்தது. எங்கள் துரைசானிக்குப் பெருமை தாளவில்லை, மாராயியைக் கூப்பிடச் சொன்னாள். வந்தவள் கும்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கலாம் அல்லவா? “செஞ்சது அண்ணனுங்க. நானு கறியைத் தொடலீங்க, வெளிய நின்னு சொன்னனுங்க, அவ்வளவுதான்” என்று போட்டு உடைத்தாள். மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

விருந்துக்கு வந்த துரைசானி சிரித்தாள். தான் தொடாத பண்டத்தை நமக்குத் தருகிறாளே, இதில் என்ன இருக்கிறதோ, எங்கே, நம் முன்னாலேயே ஒரு துண்டு தின்னச் சொல்லுங்கள் என்றாள். எங்கள் துரைசானியின் முகம் சிவந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் தட்டை நீட்டி, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், “மாராயி, சாப்பிடு” என்றாள்.

தின்றால் விரதம் போச்சு. மறுத்தால் வேலை போச்சு, வீடு போச்சு. தின்று தொலை, சாமி கோபித்துக்கொள்ளாது என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

“வேணாமுங்கம்மா” என்றாள் மாராயி. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “புள்ள பொழைக்கோணும்னு சாமிக்கு வாக்குக் குடுத்திருக்கறனுங்க. கோயிலுக்குப் போயி காப்பை அவுத்துட்டு வந்து, இதே எடத்துல நின்னு திங்கறனுங்க. சாமிக்குச் சொன்னதையே இன்னைக்கு மாத்துனா, நாளைக்கு நானு சொல்றத நீங்க எப்புடிங்க நம்புவீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்லருக்கு ஒரு தந்திரம் உண்டு. கசப்பானதைப் பாதி விழுங்கிவிட்டு மீதியைப் பக்குவமாக இங்கிலீஷில் சொல்வோம். அன்றைக்கு அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அவள் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

எங்கள் துரை கை நீட்டி, அவளுக்கு நீட்டிய தட்டிலிருந்த துண்டை எடுத்து, விருந்தாளியைப் பார்த்துக்கொண்டே தான் தின்றார். பிறகு என்னிடம் காபி கேட்டார். பெங்களூர்ப் பேச்சு அதோடு நின்றது.

திருவிழா முடிந்து வந்தவள், சொன்னபடியே அதே இடத்தில் நின்று ஒரு துண்டு வாங்கித் தின்றாள். “உப்பு நொம்பத் தூக்கலுங்க” என்றாள். எங்கள் துரைசானி விழுந்து விழுந்து சிரித்தாள். துரைமார் கப்பல் ஏறும் வரைக்கும் அந்தச் சமையற்கட்டை மாராயிதான் ஆண்டாள். அந்த ஓட்டு வீட்டு வாசலில்தான் மகளுக்குக் கல்யாணப் பந்தல் போட்டாள்.

அவளோடு வேலை செய்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எத்தனை பெருமை என்று அவள் இருக்கும்போது ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். துரைமாரிடம் என் ஆயுசு முழுக்க நான் பேசிய இங்கிலீஷ் எல்லாம் ‘யெஸ் சார், யெஸ் மேடம்’தான். ஒரே ஒரு தடவை ‘நோ மேடம்’ என்று சொன்னேன். அதுவும் என்னுடையது அல்ல, மாராயியுடையது. அவளிடமிருந்து நான் வைத்திருப்பது அதைத்தான்.