கையால் மூடிய வாக்குமூலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சேந்தமங்கலத்தை அடுத்த எங்கள் ஊருக்கு நான்தான் கிராம முன்சீப். பிறப்பு, இறப்பு, மழை, மாட்டு நோய் எல்லாவற்றையும் சர்க்கார் பதிவேட்டில் எழுதிவிட்டு, எனக்கென்று வைத்திருந்த நோட்டிலும் தேதியிட்டு எழுதுவேன். அதில் என் காதைப் பற்றிய முதல் குறிப்பு ஓர் ஐப்பசி மாதத்தது: "மலைக்காய்ச்சல், பன்னிரண்டாம் நாள். கொயினா மருந்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். காதில் சில்வண்டு இரைச்சல்."

காய்ச்சல் இறங்கியது. சில்வண்டு போகவில்லை. மார்கழிக்குள் வேறொன்றும் தெரிந்தது. குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. ஆண்களின் பேச்சு பாதியாவது தேறியது. பெண்களும் குழந்தைகளும் பேசினால், மூடிய கதவுக்கு அப்பால் யாரோ முனகுவது போலிருந்தது. ஒரு பகல் முழுவதும் சோதித்து எழுதி வைத்தேன்: "ஆ, ஓ நன்றாக வருகின்றன. ம, ன மங்கல். எது எதுவென்று பிரிவதில்லை. ச, த, ப, க வருவதே இல்லை. கத்திச் சொன்னால் ஆ பெரிதாகிறது, ச பெரிதாவதில்லை." மெய்யை இழந்த உயிர்கள் வீட்டுக்குள் நடமாடின.

யாரிடமும் சொல்லவில்லை. முன்சீப் வேலை அப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்தது. காது கேளாதவனை அதில் வைத்திருக்க மாட்டார்கள். என் மனைவி மட்டும் ஒரு மாலை கேலி செய்தாள்.

"ஏனுங்க, விளக்கப் பொருத்துனாத்தான் உங்களுக்குக் காது கேக்குமாட்ட இருக்குது!"

சிரித்தேன். பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துத்தான் நான் பிழைக்கிறேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

அடுத்த வைகாசியில் என் மனைவியின் அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் அவர் பண்ணையாள் ஒருவன் இறந்தான். தூர் எடுக்க வடத்தைப் பிடித்து இறங்கும்போது வடம் அறுந்திருக்கிறது. தேதி நோட்டில் இருக்கிறது. இங்கே எழுத மனம் வரவில்லை. கிணற்று மேட்டிலேயே விசாரணை வைத்தேன். பஞ்சாயத்தார் ஐந்து பேர், எல்லாரும் காடு தோட்டம் உள்ளவர்கள். இறந்தவனின் தாயைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து, குனிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். பண்ணையாட்கள் எங்கள் முன் அப்படித்தான் பேச வேண்டும். அவர்கள் மூச்சு எங்கள் மேல் படக்கூடாதாம். வெகு நேரம் பேசினாள். ஆ என்றும் ஓ என்றும் ஓர் ஓலம் ஏறி இறங்கியதைத் தவிர எனக்கு எதுவும் எட்டவில்லை. அழுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பஞ்சாயத்தாரில் ஒருவர் என் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா?"

தலையாட்டினேன். வடம் அறுந்து தற்செயலாக விழுந்து இறந்தான் என்று எழுதினேன். ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். அன்று மாலையே புதைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மைத்துனர் வாழைத்தாரோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"மாப்ள, அந்தப் பொம்பள சொன்னத எழுதாம உட்டீங்க பாருங்க, அதான் சொந்தம். எழுதியிருந்தா இன்னைக்கு என் ஊட்டு வாசல்ல போலீசு நின்னிருக்கும்."

"என்ன சொன்னா?"

தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அப்படிக் கேளுங்க! யாரு கேட்டாலும் அப்படியே கேளுங்க!"

அதன் பிறகு அந்த ஓலம் என்னை விடவில்லை. சில்வண்டுக்கு அடியில் அது ஓடிக்கொண்டே இருந்தது. ஏற்ற இறக்கம் அத்தனையும் நினைவில் இருந்தது. சாப்பிடும்போதும், பதிவேட்டுக்குக் கோடு போடும்போதும், அதில் எழுத்துகளைப் பொருத்திப் பார்ப்பேன். எதுவும் பொருந்தாது, எல்லாமும் பொருந்தும்.

ஒரு மாதம் கழித்துத்தான் அவளைத் தேடிப் போனேன். கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வாயைப் பொத்தினாள்.

"கைய எடுத்துட்டுச் சொல்லு. அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கல. என் காது சரியில்ல."

சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கையை இறக்கினாள். இரண்டு முறை சொல்ல வைத்தேன்.

"வடம் நைஞ்சு போச்சு, எறங்க மாட்டேன்னு முந்தின நாளே சொன்னானுங்க சாமி. எறங்காட்டி ஊட்டக் காலி பண்ணிட்டுப் போடான்னாருங்க பண்ணாடி. அதை எழுதச் சொல்லித்தானுங்க கேட்டேன். நீங்களும் தலையாட்டுனீங்க."

பண்ணாடி என்று அவள் சொன்னது என் மைத்துனரை. அவள் மேலும் சொன்னாள்.

"காது கேக்கலைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, கைய எடுத்திருப்பனுங்களே சாமி."

தாலுகா கச்சேரிக்கு இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கையில் இதை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் என் காது. மூன்று முறை எழுதினேன். மூன்றும் நோட்டுக்குள்ளேயே இருக்கின்றன, தேதியோடு.

மேலும் ஆறு வருஷம் முன்சீப்பாக இருந்தேன். என் முன்னால் யாரும் வாய் பொத்தக்கூடாது, நிமிர்ந்து நின்று பேச வேண்டும் என்று கட்டளை போட்டேன். சொந்தக்காரர்கள் ஏசினார்கள். பண்ணையாட்கள் கும்பிட்டார்கள். காங்கிரஸ்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, இந்தப் பக்கத்திலேயே மனிதரை மனிதராக நடத்துகிறவர் நீங்கள்தான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

உண்மைக் காரணம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.