ஒயினம்மாவின் மடக்கு ஏணிகள்

அந்த நகரத்தில் ஒயின் விற்ற முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். அவருக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. "விக்கறதுக்கு என்ன, யாரு வேணும்னாலும் விக்கலாம். வாங்கினவன் மறுபடியும் தைரியமா வந்தான் பாருங்க, அதுலதான் நான் முதல்" என்பார்.

தொழிலில் எல்லோருக்கும் அவர் ஒயினம்மா. குடும்பத்தில் மட்டும் அப்படிக் கூப்பிட யாருக்கும் நாக்கு புரளாது. பதிவு அலுவலகத்தில் பெரிய அதிகாரியான அண்ணன், தங்கை என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் "பழச்சாறு இறக்குமதி" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. சாறு கொஞ்சம் பழையது, அவ்வளவுதான்.

ஒயினம்மா முதலில் ஓர் ஒயின் வியாபாரியிடம் தட்டச்சு வேலையில் இருந்தார். முதலாளி ஒரு வாய் உறிஞ்சுவார், கண்ணை மூடுவார், "மழை விட்ட தோட்டத்தில் யாரோ ஒரு தோல்பையை மறந்து வைத்துவிட்டுப் போன மணம்" என்பார். அது அப்படியே விளம்பரத்தில் அச்சாகும். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தோல்பை மணம் கேட்கக் கூச்சப்பட்டு, அலமாரி முன்னால் நின்று, புரியாத லேபிளைப் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படித்துவிட்டு, விலையில் அதிகமும் இல்லாத குறைவும் இல்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு தப்பி ஓடுவார்கள்.

"பயந்துகிட்டே வாங்கறாங்க சார்" என்றார் ஒயினம்மா ஒருநாள்.

"ஒயின்னா கொஞ்சம் பயம் இருக்கணும்மா. அப்பதான் மரியாதை" என்றார் முதலாளி.

அந்த மாதத்தோடு ஒயினம்மா வேலையை விட்டுவிட்டார். கடைத்தெருவின் கோடியில் மூடிக் கிடந்த ஒரு மருந்துக் கடையை வாடகைக்குப் பிடித்தார். சுவரில் மருந்து வாடை போகவே சில வாரங்கள் ஆயின. அதை முகர்ந்துகொண்டே கூட்டிப் பெருக்கும்போதுதான் அந்த யோசனை வந்திருக்க வேண்டும். மருந்து வாங்குகிறவர் எந்த நாட்டு மருந்து என்றா கேட்கிறார்? என்ன உபத்திரவம் என்றுதானே சொல்கிறார்? ஒயினம்மாவும் நாடு, ஆண்டு, திராட்சை வகை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு உபத்திரவப்படி அடுக்கினார். அலமாரிக்கு அலமாரி அட்டை தொங்கியது: "மேலதிகாரி சாப்பிட வந்தால்", "சம்பந்தி வீட்டார் வந்தால்", "அவர்கள் போன பிறகு", "யாருமே வராவிட்டால்". கடைசி அலமாரிதான் சீக்கிரம் காலியாகும்.

வியாபாரிகள் சங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. உறுப்பினராகச் சேரப் போன ஒயினம்மாவிடம் சங்கத் தலைவர், "பொம்பளைங்க வாசனை போட்டுகிட்டு வருவீங்க. ருசி பாக்கற அறையில எங்க மூக்கு கெட்டுப்போகும்மா" என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார். அப்படிச் சொன்னவரின் அத்தர் வாடை ஒயினம்மாவின் கைப்பையை விட்டுப் போக ஒரு வாரம் பிடித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் தலைவர் கடையிலும் அட்டைகள் முளைத்துவிட்டன.

கடை இப்படி நிலைத்தது. கூடவே ஒயினம்மாவுக்கு, ஏணி கொடுக்கிறவர் என்று இன்னொரு பெயரும் நிலைத்தது. உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவர் பரிசு மடக்கு ஏணிதான். "கல்யாணம் ஆன முதல் வாரத்துல பல்ப் போகும். அப்ப பரிசா வந்த வெள்ளி அன்னப்பறவை மேலயா ஏறி நிப்பே?" என்பது அவர் வாதம். வாதத்தில் ஓட்டை கிடையாது. ஆனால் ஏணி வாங்கிய எந்தத் தம்பதியும் அவரைப் பார்த்து மனதாரச் சிரித்ததும் கிடையாது. பரிசுப் பொருளில் தனக்கு மிஞ்சிய ஆள் இல்லை என்று ஒயினம்மா நம்பினார். சொல்லப்போனால், அந்த முதலாளி தன் மூக்கை நம்பிய அளவுக்கு நம்பினார்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடியது. அண்ணன் கடைக்கே வந்தார், பின்வாசல் வழியாக.

"விருந்துக்கு ஒயின் நீதான் கொடுக்கணும். ஆனா பாட்டில்ல உன் கடைப் பேர் மட்டும் வேண்டாம்."

"சரிண்ணா. உள்ள இருக்கறதையும் வடிச்சிட்டு அனுப்பவா?"

அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணி தனியாகப் போன் செய்து, "நாலு பேர் பாக்கற மாதிரி, கண்ணாடிக் கோப்பை அது இதுன்னு ஏதாவது கொடு" என்று ஜாடை காட்டினார். ஒயினம்மாவுக்கு ஜாடை புரிந்தது. ஏணியே போனது, சிவப்பு ரிப்பன் கட்டி.

பரிசு மேசை முழுக்க சுவர்க் கடிகாரங்கள். நடுவில் கண்ணாடி அன்னங்கள், கொடுத்தவருக்கே பயன் தெரியாத சில பளபளப்பான சாமான்கள். பக்கத்தில் ஏணி நின்றது. அண்ணி பார்த்தார், பல்லைக் கடித்தார், ஒரு வெள்ளை மேசைவிரிப்பைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார். திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும் சிலை என்று நினைத்து இரண்டு மூன்று பேர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து ஒயினம்மா புதுத் தம்பதியின் வீட்டுக்குப் போனார். பழைய கட்டடம், அடித்தளத்தில் இரண்டு அறை. கதவைத் திறந்த மாப்பிள்ளை நெடுநெடுவென்று உயரம், வீட்டுக்குள்ளேயே குனிந்துதான் நடந்தான். கையைத் தூக்கினால் கூரை இடித்தது. ஏணி சமையலறை வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் மேல் ஈர உள்ளாடைகள்.

மாப்பிள்ளை அவசரமாக அவற்றை அள்ளிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினான்.

"உங்க பரிசு ரொம்ப உபயோகமா இருக்கு அத்தை" என்றாள் அண்ணன் மகள்.

"கிண்டலா?"

"ஆமா."

ஒயினம்மா உட்கார்ந்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கவே இல்லையே. அம்மா கோப்பை வேணும்னாங்க, அப்பா கடைப் பேரு வேண்டாம்னாரு, நீங்க ஏணிதான்னீங்க. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"இப்ப கேக்கறேன். என்ன வேணும்?"

"உங்க கடையில வேலை."

ஒயினம்மா இதை எதிர்பார்க்கவில்லை. "அதெல்லாம் சரிப்படாதும்மா. சொந்தக்காரங்க வந்தா கடையில ஒழுங்கு கெட்டுப்போகும்" என்றார்.

"சங்கத் தலைவரும் உங்ககிட்ட இதே மாதிரிதான் சொன்னாராமே. அவர் மூக்குன்னாரு, நீங்க ஒழுங்குங்கறீங்க."

ஒயினம்மாவுக்குச் சுருக்கென்றது. ஊரையே எதிர்த்துக் கடை போட்டவர், சொந்த அண்ணன் மகளுக்குக் கதவைச் சாத்துகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுப் பழக்கமில்லாததால் அது கோபமாகத்தான் வெளியே வந்தது. "திங்கட்கிழமை வா. லேட்டா வந்தா திருப்பி அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது ஏணியையும் தூக்கிக்கொண்டு போனார்.

வந்தவளுக்கு ஒயின் ருசி அறவே வரவில்லை. கண்ணைக் கட்டினால் சிவப்பு எது, வெள்ளை எது என்று தெரியாது. ஆனால் மனிதர்களைப் பேச வைக்கத் தெரிந்தது. நண்பனின் கல்யாணத்துக்கு என்ன வாங்குவது என்று விழித்துக்கொண்டு நின்ற ஒருவரிடம், "அவங்களுக்குள்ள சண்டை வருமா?" என்று கேட்டாள்.

"வந்துகிட்டேதான் இருக்கு. கல்யாணம்தான் இன்னும் ஆகலை."

அவள் ஒரு மரப்பெட்டியை எடுத்தாள். வைக்கோல் போட்டுப் பாட்டில்களைப் படுக்க வைத்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை கட்டினாள். "முதல் சண்டை முடிந்த இரவுக்கு." "வந்த விருந்தாளி ஒருவழியாகக் கிளம்பிய மாலைக்கு." "அடுப்பில் வைத்தது கருகிய நாளுக்கு."

"இது ஒயினா, முதலுதவிப் பெட்டியா?" என்றார் ஒயினம்மா.

"கல்யாணத்துக்கு ரெண்டும் வேணுமில்ல அத்தை."

பெட்டி பிய்த்துக்கொண்டு போனது. வாங்கிப் போனவர்களைவிட, அதைப் பரிசாகப் பெற்றவர்கள் தேடி வந்ததுதான் வேடிக்கை. "முதல் சண்டை பாட்டில் தீர்ந்துபோச்சு. அதுல மட்டும் ஆறு கொடுங்க" என்று ஒரு ஜோடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கேட்டது. சங்கத் தலைவரே தம் மகள் கல்யாணத்துக்குப் பெட்டி வாங்க வந்து, அப்படியே சங்கத்தில் சேரும்படியும் அழைத்தார். ஒயினம்மா சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஏணி கொடுப்பதையும் நிறுத்திவிட்டார். அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை, பெண் இருவரையும் உட்கார வைத்து, பரிசு வாங்கும் முன்பே, வாழ்க்கையில் முதல்முறையாக, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "சுவர்க் கடிகாரம்" என்றார்கள். வாங்கிக் கொடுத்தார். அந்தக் கல்யாண வீட்டில் அவர் யாருடனும் பேசவில்லை.

இப்போது கடையின் முன்பக்கம் முழுக்க அண்ணன் மகள் பொறுப்பு. அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். முன்வாசல் வழியாகவே வருகிறார், கல்லாப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார், வருகிறவர்களிடமெல்லாம், "இந்தப் பெட்டி யோசனையே நான் கொடுத்ததுதான்" என்கிறார். ஒயினம்மா மறுப்பதில்லை. கல்யாண சீசன், அதற்கெல்லாம் நேரமில்லை.