பெல்ட்டும் பெல்ற்றும்

வவுனியாவில் கணினி படித்து முடித்து, வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்ன வேலைகள் செய்துகொண்டிருந்தபோது, கிளிநொச்சியில் ஒரு கடையிலிருந்து அழைப்பு வந்தது. உழவு இயந்திரங்களுக்கும் அறுவடை இயந்திரங்களுக்கும் உதிரிப்பாகம் விற்கும் கடை. அதை நடத்தியவர் ஒரு பெண்மணி. நான் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். கனகராயன்குளத்திலும் அவருக்கு ஒரு கிளை இருந்தது.

“பிள்ளை, இந்தச் சொப்ட்வெயார் கணக்கு நல்லாத்தான் பாக்குது. ஒரு சாமானைத் தேடித் தா எண்டால்தான் முழிக்குது. ஆக்களை நிப்பாட்டி வைச்சிட்டு நாங்கள் தட்டுத் தட்டாய்த் தேடவேண்டிக் கிடக்கு” என்றார்.

உண்மைதான். பொருளின் பெயரை எப்படிப் பதிந்தார்களோ அப்படியே, ஓரெழுத்தும் பிசகாமல் அடித்தால்தான் அந்தக் கணக்கு மென்பொருள் காட்டும். அதிலுள்ளதையெல்லாம் எடுத்து ஒரு தேடுபொறியில் ஏற்றிவிடலாம், பிழையாக அடித்தாலும் அது கண்டுபிடித்துத் தரும் என்று நான் சொன்னேன். மிகவும் சுலபமான வேலை என்றும் சொல்லிவைத்தேன்.

ஏற்றிப் பார்த்தபோது பாதிப் பெயர்கள் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நின்றன. காரணம் பிறகுதான் பிடிபட்டது. தமிழ்ப் பெயர்களைப் பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான்.

“பாமினியாலதான் அன்ரி இவ்வளவு கரைச்சலும்” என்றேன்.

“ஆரடி அது? எங்கட கடையில அப்பிடி ஒரு பிள்ளையும் வேலை செய்யேல்லையே!”

கணக்குப் பதியும் அக்கா சிரிப்பை அடக்க மாட்டாமல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம் அவருடையது. அன்றிலிருந்து அவரும் நானும் கூட்டாளிகள்.

எல்லாப் பெயர்களையும் யூனிகோட் தமிழுக்கு மாற்றி மறுபடி ஏற்றினேன். இப்போது தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காக வந்தன. ஆனால் ஆங்கிலத்தில் பதிந்திருந்தவையும் சேர்ந்து மாறிவிட்டன. அக்கா திரையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்.

“டீ... நு... டு... வு. இது என்னா சாமான்? எந்த மெஷினுக்குப் போடுறது?”

ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்த ‘பெல்ட்’தான் அப்படியாகியிருந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அன்ரி குசினியிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடிவந்தார்.

சிரித்துத் தீர்ந்த பிறகு எனக்குப் பயம் பிடித்தது. சுலபம் என்று நானே சொல்லிவைத்த வேலை. எது தமிழ், எது ஆங்கிலம் என்று இயந்திரத்துக்கு எப்படிச் சொல்வது? பெயர்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையைத்தான் அழுத்துவார்கள். ஆங்கிலப் பெயரில் அரைப்புள்ளிக்கு என்ன வேலை? அது இருக்கிற பெயர்களை மட்டும் மாற்று என்று எழுதினேன். அநேகமாக எல்லாம் சரியாக வந்துவிட்டன. மிச்சத்தை அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து திருத்தினோம்.

அதற்குள் ஒரு வழக்கு எழும்பியது. அக்கா பதிந்ததெல்லாம் ‘பெல்ட்’. கனகராயன்குளக் கிளையில் பதிந்ததெல்லாம் ‘பெல்ற்’.

“பெல்ட்னுதானே எல்லாரும் எழுதுவாங்க?” என்று அக்கா அன்ரியிடம் கேட்டார்.

“ஆர் சொன்னது? நாங்கள் பள்ளிக்கூடத்தில படிச்சது ‘ற்’ போட்டுத்தான்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டுக்கும், ஆங்கிலத்தில் இருந்ததற்கும் ஒரே பொருள்தான் என்று தேடுபொறிக்கு எழுதிவைத்துவிட்டுத் தப்பிக்கொண்டேன்.

காலபோக நெல் அறுவடை தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலை அக்கராயனிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர். அறுந்துபோன பெல்ட் ஒன்று தோளில் தொங்கியது.

“தங்கச்சி, மிசின் நடுவயலுக்க நிக்குது. வானமும் இருண்டுகொண்டு வருது. ஊரில எல்லாரும் என்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம். இதை மாதிரி ஒண்டு இருக்கோ?”

அக்கா பெல்ட்டிலிருந்த இலக்கத்தைப் பார்த்து, வழக்கம்போலக் கணக்கு மென்பொருளில் அடித்தார். ஒன்றும் வரவில்லை. அந்த மனிதரின் முகம் வாடிப்போனது.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை” என்று நான் தேடுபொறியைத் திறந்தேன். இலக்கத்தையும் ‘பெல்ட்’ என்பதையும் அடித்தேன். முதலாவதாகவே வந்தது: கனகராயன்குளக் கிளையின் ‘பெல்ற்’. இலக்கத்துக்கு நடுவே யாரோ ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அதனால்தான் மென்பொருளின் கண்ணில் அது படவில்லை.

அன்ரி உடனே கிளைக்குத் தொலைபேசி எடுத்தார். “மேல் தட்டில வடிவாப் பாரும். என்ன, கிடக்கோ? அப்ப யாழ்ப்பாணம் போற பஸ் ஒண்டை மறிச்சுக் கண்டக்டரிட்டக் குடுத்துவிடும்!”

நாங்கள் நால்வரும் வீதியில் போய் நின்றோம். கடை வாசலில் பஸ் வந்து நின்றபோது கண்டக்டர் புதுப் பெல்ட்டை மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மிதிபலகையில் தொங்கினார். அக்கா கைதட்டினார். அக்கராயன்காரர் அதை வாங்கிய கையோடு வந்த வழியே பறந்துவிட்டார்.

பின்னேரம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அன்ரி தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார். மனிதரின் குரலே கேட்கவில்லை. இயந்திரத்தின் இரைச்சல்தான் கேட்டது. அதற்கு மேலால் யாரோ, “இந்தப் பக்கம் திருப்பு, இந்தப் பக்கம்!” என்று கத்துவது கேட்டது. நாங்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றிக் குனிந்து அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த நாள்தான் மழை பெய்தது.