சந்திரகலாவின் போர்வையில் கன்னி மூலை

திருவண்ணாமலையில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போன எந்தப் பெண்ணும் ஜாக்கெட் பிட் வாங்காமல் திரும்பியதில்லை. அந்தப் பிட்டை ஜாக்கெட்டாகத் தைத்துப் போட்டுக்கொண்ட பெண்ணை யாரும் பார்த்ததுமில்லை. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய், அதற்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த ஒரு துணி. தேங்காய் அன்றைக்கே சட்னியாகிவிடும். துணி பீரோவின் மேல்தட்டில் ஏறி அடுத்த விசேஷத்துக்காகக் காத்திருக்கும். கிரகப்பிரவேசத்தில் வந்தது மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போகும். அங்கிருந்து யார் வீட்டுக் கொலுவுக்காவது நகரும். உறை கிழிந்தால் உறையை மட்டும் மாற்றிவிடுவார்கள். கொடுக்கிறவருக்கும் விஷயம் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். "எதுக்குங்க இதெல்லாம்" என்று வாங்குகிறவர் சொல்வதோடு சடங்கு முடிந்தது.

ஊரே சேர்ந்து கட்டிக்காத்த இந்த ஏற்பாட்டில் கத்தரிக்கோலை வைத்தவர் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் சந்திரகலா. வந்த துணியை வெட்டினார். வெட்டியதை ஒட்டுப்போர்வையாகத் தைத்தார். அவர் வீட்டுக்குள் போன பிட் எதுவும் திரும்பி வெளியே வரவில்லை.

சந்திரகலாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் அப்பாதுரை நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாவட்டத்தில் பாதி நிலத்தை அளந்தவர், சொந்த வீட்டில் தனக்கு எவ்வளவு இடம் என்பதை மட்டும் இன்னும் அளந்து முடிக்கவில்லை. அளக்கவும் முடியாது, துணி மூட்டைகள் தினமும் எல்லையைத் தள்ளி வைத்துக்கொண்டே இருந்தன. காலையில் காபி முடிந்ததும் சந்திரகலா ஹாலில் துண்டுகளைப் பரப்பிவிட்டு ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அந்த நேரத்தில் ஹாலை யாரும் குறுக்கே கடக்கக் கூடாது. அப்பாதுரை சுவரோடு சுவராகப் பல்லி மாதிரி நகர்ந்துதான் குளியலறைக்குப் போவார். அடுப்பில் பால் பொங்கி வழியும். அதை யாராவது சொன்னால், சொன்னவர்தான் குற்றவாளி.

கலைஞர்கள் எளிமையானவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சந்திரகலா அதைக் கேள்விப்பட்டதில்லை. வேங்கிக்காலில் முகூர்த்தத்துக்கு ஒரு புது வீடு முளைக்கிறது. எல்லாக் கிரகப்பிரவேசத்துக்கும் அவர் போவார், வீட்டுக்காரர் பெயர் தெரியாவிட்டாலும் போவார். வாசலில் தாம்பூலப் பையை வாங்கியதும் உள்ளே கையை விட்டுத் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால், "வேற கலர் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிடுவார். கேட்கப்பட்டவர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு பயந்தார்கள், கடைசியில் அவருக்கென்று ஒரு நல்ல கலரை ஒதுக்கி வைக்கப் பழகிக்கொண்டார்கள். பௌர்ணமிக்கு மட்டும் அவர் எங்கும் போகமாட்டார். ஊரே மலையைச் சுற்றும், ரோட்டை அடைத்திருப்பார்கள். அன்றைக்கு அவருடைய தையல் மிஷின் நின்றதே கிடையாது.

போர்வைக்கு மேல்பக்கம் பிட் துண்டுகள். உள்ளே கனத்துக்குப் பழைய பருத்தித் துணி. அது வீட்டிலிருந்தே எடுக்கப்பட்டது.

"என் நாலு முழ வேட்டி எங்கம்மா?"

"உள்ளதாங்க இருக்குது."

"பீரோ உள்ளயா?"

"போர்வை உள்ள."

அப்பாதுரை இதைத் தன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். "எங்க வீட்டம்மா கந்தல் வேலை பண்றாங்க" என்பது அவர் பல வருஷமாகச் சொல்லிவந்த நகைச்சுவை. மொட்டைமாடியில் காய்ந்த ஒரு போர்வையைப் பார்த்துவிட்டு, பெரிய பொட்டும் கைத்தறிப் புடவையுமாக ஒரு புதுச்சேரி அம்மாள் படியேறி வந்த அன்று அந்த நகைச்சுவை நின்றுபோனது. அந்த அம்மாள் அங்கே கலைக்கூடம் நடத்துகிறவர். அடுத்த கண்காட்சிக்கு ஒரு பெரிய போர்வை கேட்டார். "உங்க பேர் போட்டு மாட்டுவோம்" என்றார். அவர் ஆட்டோ ஏறும்போது அப்பாதுரை வாசலில் நின்று, "எங்க ஆர்ட்ல கலர்தாங்க முக்கியம்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

சந்திரகலாவின் காதில் விழுந்தது அந்த அம்மாள் சொன்ன ஒரு வாக்கியம்தான். பேர் போட்டு. மகள் கல்யாணப் பத்திரிகையில்கூட அவருடைய பெயர் அப்பாதுரைக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு போட்டு, ஒட்டிக்கொண்டு நின்ற பெயர்தான். அது தனியாக அச்சாகி அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று இப்போது வந்துவிட்டது. அதற்காகத் தைத்தார். பல மாதம் தைத்தார். மேலே வெளிர் நிறங்கள், கீழே போகப் போக அடர்ந்து, இடதுபக்கக் கீழ்மூலையில் கத்திரிப்பூ நிறத்தில் வந்து நின்றது அந்தப் போர்வை. நன்றாகவே இருந்தது; அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

முடிந்த அன்று அப்பாதுரை அதைப் படம் எடுத்து, தெரு வாட்ஸ்அப் குழுவிலும் சொந்தக்காரர் குழுவிலும் போட்டார். மனைவியைக் கேட்கவில்லை.

ஆண்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். பெண்கள் படத்தைப் பெரிதாக்கினார்கள். ஒவ்வொரு துண்டாகப் பெரிதாக்கினார்கள். எதிர்வீட்டு உண்ணாமலை போனை நீட்டிக்கொண்டே வந்தார்.

"யக்கா, நடுவுல பச்சையா இருக்குதே, வெள்ளிப் புள்ளி போட்டது. அது நான் டீச்சரம்மாவுக்குக் கொடுத்தது."

"டீச்சரம்மாதான் எனக்குக் கொடுத்தாங்க."

"எப்ப கொடுத்தாங்க?"

"நீ கொடுத்த மறுவாரம்."

உண்ணாமலை டீச்சர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். டீச்சர், அந்தப் பச்சை முதலில் உண்ணாமலைக்குத் தன் தங்கை கொடுத்தது என்பதை நினைவுபடுத்தினார். அதற்கப்புறம் யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பதைப் பின்தொடர முடியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தான், ஆனால் ஒரே போர்வையில் சாட்சிகள் வரிசையாக வந்து உட்கார்ந்ததை யாராலும் தாங்க முடியவில்லை. கோபமெல்லாம் சுற்றிவிட்டவர்கள் மேல் போகவில்லை, தைத்தவர் மேல் வந்தது.

இதையெல்லாம் சந்திரகலா பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்த வேண்டிய அழைப்பு கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தது. மகள் ஓவியாவின் மாமியார் எல்லம்மாள். குடும்பத்துக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி உண்டு, குரலுக்கும் மண்டிப் பழக்கம் உண்டு. நிச்சயதார்த்தத் தட்டில் அவர் சம்மந்திக்கு வைத்துக் கொடுத்தது ஆரணிப் பட்டுத் துணி. கத்திரிப்பூ நிறம், மாங்காய்க் கரை. தைத்துப் போட்டுக்கொள்ளவே கொடுக்கப்பட்ட, ஊரில் அபூர்வமான வகை.

"சம்மந்தி, நான் கொடுத்த பட்டு நல்லா இருந்துச்சுங்களா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"தெச்சாச்சா?"

சந்திரகலா யோசித்தார். "தெச்சாச்சுங்க."

"பாத்தேன். கால்மாட்டுல தெச்சிருக்கீங்க. எதிர்வீட்டம்மாவோட பாலிஸ்டர் நடுவுல, நம்ம பட்டு கால்மாட்டுல. வளைகாப்புக்கு வரும்போது அதையும் எடுத்துட்டு வாங்க. பாத்துட்டு, அப்புறம் ஓவியாவப் பிரசவத்துக்கு அனுப்புறதப் பத்திப் பேசிக்கலாம்."

அந்த வளைகாப்பு கீழ்பென்னாத்தூரில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அது முடிந்து பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அன்று மாலையே ஓவியாவும் பேசினாள்.

"அம்மா, அந்த மூலைய மட்டும் பிரிச்சி மேல வெச்சித் தெச்சிடும்மா. உனக்கு ஒரு நாள் வேலை."

"மேல அந்த வயலட் வந்தா மொத்தமும் செத்துடும்டி."

"சரி. நான் பிரசவத்துக்கு அங்க வரட்டுமா, வேணாமா?"

சந்திரகலா பதில் சொல்லச் சற்று நேரம் ஆனது. ரொம்ப நேரம் இல்லை. ஆனால் ஒரு தாய் எடுத்துக்கொள்ளக்கூடிய நேரத்தைவிட அதிகம். ஓவியா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றுவரை மறக்கவில்லை.

"வாடி. வராம எங்க போவ" என்றார் கடைசியில். மூலையை மட்டும் அவர் பிரிக்கவில்லை.

ஞாயிறன்று வேனில் ஐந்து வகைச் சாதமும் பழத்தட்டும் வளையல் பெட்டியும் ஏறின. பழைய புடவையில் சுற்றிய போர்வை சந்திரகலாவின் மடியில் இருந்தது. கூடமாட உதவ என்று சொல்லிக்கொண்டு உண்ணாமலையும் வந்தார். உதவி எதுவும் செய்ததாகத் தகவல் இல்லை.

ஓவியாவுக்கு வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் தடவி, ஆரத்தி சுற்றி முடித்ததும் எல்லம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எடுங்க, பாப்போம்." இரண்டு சொந்தக்காரப் பெண்கள் போர்வையை இருபக்கமும் பிடித்துத் திரைபோல் விரித்தார்கள். வந்திருந்த பெண்களெல்லாம் நெருங்கி வந்தார்கள். எல்லம்மாளின் பார்வை மேலிருந்து நிதானமாக இறங்கிவந்து கீழ்மூலையில் நின்றது.

"இது கால்மாடுதானே, சம்மந்தி?"

"கால்மாடுன்னு யாருங்க சொன்னது?" என்றார் சந்திரகலா. இதற்கு மேல் என்ன சொல்லப்போகிறார் என்பது அந்தக் கணத்தில் அவருக்கே தெரியாது. "இது போத்திக்கிற போர்வை இல்லீங்க. மாட்டுறது. மாட்டுனா மேல வடக்கு."

எல்லோரும் அப்பாதுரையைப் பார்த்தார்கள். அப்பாதுரை தொண்டையைச் செருமினார். "சர்வே மேப்புலயும் மேல வடக்குதாங்க."

"மேல வடக்குன்னா, கீழ இடப்பக்கம் எந்த மூலை? நீங்களே சொல்லுங்க."

கூட்டத்தில் உதடுகள் அசைந்தன. வாஸ்து பார்த்து ஒரு கதவையாவது இடம் மாற்றாத குடும்பம் அங்கே இல்லை. "தென்மேற்கு" என்றது ஒரு குரல். "கன்னி மூலை" என்றது இன்னொன்று, கொஞ்சம் மரியாதையாக.

"அதாங்க. வீட்டுக்குப் பெரியவங்க படுக்குற மூலை. பீரோ வைக்கிற மூலை. அங்க போயி உங்க பட்ட வெக்காம வேற யாரு துணிய வெப்பேன்?"

மலையைச் சுற்றி எட்டுத் திக்குக்கும் ஒரு லிங்கம் இருக்கிற ஊர் திருவண்ணாமலை. அங்கே மட்டமான மூலை என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது சிரமம். பட்டு எந்த மூலையில் இருந்திருந்தாலும் சந்திரகலா அதைக் காப்பாற்றியிருப்பார்.

எல்லம்மாளின் முகம் மெல்ல இளகியது. அதைப் பொறுக்காத உண்ணாமலை கேட்டார்: "அப்ப நடுவுல இருக்குற என்னுது எந்தக் கணக்குல வருதுக்கா?"

"நடுவுல பாரம் வைக்கக் கூடாது உண்ணாமல. அதான் லேசா இருக்கட்டும்னு உன்னோட பாலிஸ்டர வெச்சேன்."

"லேசா" என்றார் உண்ணாமலை. அந்த வேனில் திரும்பி வரவில்லை, பஸ் பிடித்தார்.

எல்லம்மாள் எழுந்து பட்டு மூலையைத் தடவிப் பார்த்தார். "சாயந்தரம் ராகுகாலம் வர்றதுக்கு முன்னாடி கூட்டிட்டுக் கிளம்புங்க" என்றார். ஓவியா மூச்சு விட்டாள். "பாண்டிச்சேரில மாட்டப்போறாங்களாமே. பேரு போடுவாங்களா?"

"போடுவாங்கங்க."

"யாரு பேரு?"

"செஞ்சவங்க பேருங்க."

"பெரியவங்க மூலைல நான் இருக்கேன்னு நீங்களே சொல்றீங்க. என் பேரு இல்லாம எப்படி?"

போர்வையின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர், அதில் மஞ்சள் கட்டம் தன்னுடையது என்றார். மறுமுனையைப் பிடித்திருந்தவருக்கு அக்னி மூலையில் ஒரு ரோஸ் இருந்தது. சந்திரகலா மகளைப் பார்த்தார். இரண்டு கையும் முழங்கை வரை வளையலோடு ஓவியா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுடலாங்க" என்றார் சந்திரகலா. இந்தத் தடவை அவர் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் பெயர்கள் கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

கண்காட்சிக்கான பெயர் அட்டையை எழுதியவர் அப்பாதுரை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற முறை அவருக்குத் தெரியும்: பெரியவர்கள் முதலில், சம்மந்தி வீட்டார் அதற்கும் முதலில். டீச்சர், டீச்சரின் தங்கை, உண்ணாமலை (கோபம் தணிய வேண்டும்), பிட் கொடுத்த மற்ற எல்லோரும். திசை ஆலோசனை என்று தன் பெயரையும் சேர்த்தார். அதை ஒட்டி ஒரு சின்னக் கோடு, கோட்டுக்கு அப்பால் சந்திரகலா. புதுச்சேரி அம்மாள் அட்டையைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். தனிமனிதக் கையெழுத்தை மறுக்கிற கூட்டுப் படைப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதி அதற்குக் கீழே ஒட்டினார்.

கண்காட்சி தொடங்கிய அன்று சந்திரகலா தன் போர்வைக்கு முன்னால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சணல் பை மாட்டிய ஒரு தாடிக்கார இளைஞர் அட்டையை முழுக்கப் படித்தார். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சந்திரகலா பக்கம் திரும்பினார்.

"இதுல உங்களோடது எதும்மா?"

சந்திரகலா மேலே பார்த்தார். பச்சை உண்ணாமலையுடையது. மஞ்சளுக்கும் ரோஸுக்கும் ஆள் இருந்தார்கள். மூலையில் எல்லம்மாள் பளபளத்துக்கொண்டிருந்தார். உள்ளே கிடந்த வேட்டிகூட அப்பாதுரையுடையது.

"இதுல என்னுதுன்னு ஒண்ணுமே இல்லப்பா" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

இளைஞர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். "எந்த ஊரும்மா நீங்க?"

"திருவண்ணாமலை" என்றார் அருகிலிருந்த அப்பாதுரை.

"அதான" என்றார் இளைஞர். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, சந்திரகலாவை நோக்கிக் கைகூப்பினார்.